ஈசானிய மூலையில் ஒரு முளைக்குச்சி

இரண்டு குச்சிகளுக்கு நடுவில் நூல்கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு விரலால் ஒரு சுண்டு சுண்டினால், காதைக் கிட்டே கொண்டுபோகிறவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும். கயிறு தொய்ந்திருந்தால் அந்தச் சத்தம் வராது. "நூல் பேசணும்டி, பேசலேன்னா செவுரு கோணிக்கும்" என்று கன்னியம்மா தன் அப்பாவைப் போலவே குரலைக் கனமாக்கிக்கொண்டு சொல்லுவாள். சொல்லிவிட்டு மண்ணில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு தரையாக வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அந்த நூலின் நீளம் முழுக்கப் பார்ப்பாள். ஸ்டெல்லாவும் நானும் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமலேயே பார்ப்போம். எனக்கு அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, ஒரு கண்ணை மட்டும் மூட வராது. இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அதனால் எங்கள் வீட்டுச் சுவர் நேராக இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்று ஸ்டெல்லா கேலி செய்துகொண்டே இருப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து விட்ட லீவு அது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். இன்று அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகின்றன; சாலையைக் கடக்க நினைக்கிறவர்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டுதான் காலை எடுத்து வைக்கிறார்கள். அன்றைக்கோ, ஒரு பஸ்ஸை விட்டுவிட்டால் அடுத்தது வருவதற்குள் வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு பாத்தி களை எடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். கடலை வறுக்கிற வாசனையும், சாணி வறட்டி காய்கிற வாசனையும், வற்றிப்போன ஏரியின் வெடித்த சேற்று வாசனையும் கலந்ததுதான் எங்கள் ஊர்க் கோடை. அதை அழகு என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு வேறு எந்த இடமும் தெரியாது, அவ்வளவுதான்.

நாங்கள் மூன்று பேர். நான், ஊரில் நாலு பேர் மதித்துப் பேச்சைக் கேட்கிற குடும்பத்துப் பெண். என் பெரியப்பா வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஸ்டெல்லாவின் அம்மா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தார். ஊர்க் கோடியில் ஓலை வேய்ந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. கன்னியம்மாவின் அப்பா கொத்தனார். அவருக்கு ஏகாம்பரம் என்று நல்ல பெயர் ஒன்று இருந்தும் ஊரில் எல்லோருக்கும் அவர் 'மேஸ்திரி'தான். உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மணிமங்கலம் வரைக்கும் சைக்கிளில் போய் அடுத்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் எங்கள் பெரியப்பாவின் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் தடுத்துவிட்ட ஒரு சார்ப்பில் வந்து படுப்பார். அதற்கு முன்னால் வேறொருவர் வீட்டுப் பின்கட்டு, அதற்கும் முன்னால் ரைஸ்மில் குடோன். கன்னியம்மாவிடம் 'உங்க வூடு எங்கடி' என்று யாராவது கேட்டால், 'இப்ப இங்க கீது' என்பாள். அந்த 'இப்ப'வை அப்போது நான் கவனித்ததில்லை.

ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் ஒரு மேடு இருந்தது. சர்க்கார் புறம்போக்கு. ஒரு புங்க மரம், கொஞ்சம் கோரை, மற்றபடி வெறும் மண். அங்கேதான் எங்கள் வீட்டைக் கட்டினோம். 'நம்ம வூடு' என்பது அதன் பெயர். முதலில் வெறும் பேச்சாகத்தான் ஆரம்பித்தது: பெரியவர்கள் ஆன பிறகு மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பது, யாரும் யாரையும் கட்டிக்கொண்டு எங்கேயும் போவதில்லை, வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் அந்த வீட்டுக்கு வந்துவிடுவது. அம்மாவிடம் சொன்னபோது அவள் முறத்தைக் கீழேகூட வைக்காமல், "பொட்டப் புள்ளைங்க வூடு கட்டி இன்னாடி பண்ணப் போறீங்க, எவனோ கட்டின வூட்டப் பெருக்கத்தான போப்போறீங்க" என்றாள். அந்த வார்த்தை கன்னியம்மாவுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மறுநாள் அவள் அப்பாவின் பையிலிருந்து நூல்கண்டை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட்டாள்.

சுவர் எல்லாம் அடுப்புச் சாம்பல். நூலைக் கட்டி, அதன் ஓரமாகவே சாம்பலைத் தூவி, மூலைக்கு மூலை செங்கல் துண்டு வைத்தோம். ஸ்டெல்லா கேட்டது, கட்டிலுக்கு நேர் மேலே ஒரு ஃபேன், சமையல்கட்டுக்கு உள்ளேயே ஒரு குழாய், ஆஸ்பத்திரியில் டாக்டர் அறையில் அவள் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்த மாதிரி உட்கார்ந்தால் அமுங்குகிற மெத்தை. அந்த மெத்தையைப் பற்றி அவள் சொல்லும்போதெல்லாம் அவள் உடம்பே கொஞ்சம் கீழே இறங்கும். எனக்கு நடுக்கூடத்தில் ஊஞ்சல் வேண்டும். அடைமழைக் காலத்தில் எங்கள் வீடு நாலு இடத்தில் ஒழுகும், அதனால் ஒழுகாத ஒரு ஜன்னலோரம் வேண்டும், அங்கே மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள் காலை விட்டுக்கொண்டு, சுக்குக் காபியும் வறுத்த கடலையுமாக மழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முறுக்கு டின் ஒன்றும் கேட்டேன், காலியே ஆகாதது. எல்லாவற்றுக்கும் கன்னியம்மா இடம் கொடுத்தாள். ஊஞ்சலுக்கு ஒரு செங்கல், குழாய்க்கு ஒரு ஓட்டுத் துண்டு, முறுக்கு டின்னுக்குக்கூட மாடம் மாதிரி ஒரு பள்ளம்.

ஒரே ஒரு சட்டம் மட்டும் போட்டாள். சுவரைத் தாண்டி யாரும் வரக் கூடாது. வாசல் வழியாகத்தான் வர வேண்டும், வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வெறும் சாம்பல் கோடுதானே என்று நான் ஒரு தடவை தாண்டிவிட்டேன். "செவுத்துல முட்டிக்கினு உள்ள வர்ற, மண்ட ஒடையல?" என்று அவள் கேட்ட கேள்வியில் சிரிப்பே இல்லை. திரும்பப் போய் வாசல் வழியாக வந்தேன்.

எங்களுக்கு வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான், 'உனக்கு இன்னாடி வேணும்' என்று ஸ்டெல்லா அவளைக் கேட்டாள். கன்னியம்மா ரொம்ப நேரம் சாம்பல் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "கெளம்புன்னு சொல்ற ஆளு இருக்கக் கூடாது" என்றாள். எங்களுக்குப் புரியவில்லை. ஊஞ்சல் கேட்கலாம், மெத்தை கேட்கலாம், இது என்ன சாமான் என்று ஸ்டெல்லா சிரித்தாள்; அதுக்கு எந்த இடத்தில் செங்கல் வைப்பாய் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். "செங்கல் இல்ல, அதுக்கு வேற கீது" என்றாள் அவள்.

மறுநாள் அவள் கொண்டு வந்தது ஒரு முளைக்குச்சி. எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்கு மனை கோலும்போது, வடகிழக்கில், 'ஈசானிய மூலை' என்பார்கள், அங்கே ஒரு குச்சியை அடித்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டிவிட்டுத்தான் கடப்பாரையையே தொடுவார்கள். அதை நட்டுவிட்டால் மண் அந்த வீட்டுக்காரனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாகக் கணக்கு. பிறகு அதைப் பிடுங்க யாருக்கும் கை வராது. மேஸ்திரி எத்தனையோ பேர் வீட்டுக்கு அதை நட்டுக் கொடுத்தவர், அதற்கான மஞ்சள் பொட்டலம் எப்போதும் அவர் பையில் பூச்சுக் கரணையோடு கிடக்கும். கன்னியம்மா எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். ஸ்டெல்லா தன் பங்குக்கு, அவர்கள் வீடுகளில் சர்ச் ஐயர் வந்து ஜெபம் செய்வாரென்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஜெபமும் சொன்னாள். நான் ஆமென் என்றும் சொல்லி, கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் எங்களைவிடப் பெரிய வீட்டுக்காரர்கள் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது.

அந்த மே மாதம் எங்கள் பக்கத்தில் நடந்ததை நாடே அறியும். அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதியும் இல்லை, மனசும் இல்லை. அதன் பிறகு எங்கள் ஊரில் பேச்சு மாறியதை மட்டும் சொல்ல வேண்டும். யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள், எந்த ஊர், எப்போது வந்தவர்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். வருஷக்கணக்காகத் தங்கள் வீட்டுச் சுவரைப் பூசிக் கொடுத்தவரையே, 'அவன் பொழைக்க வந்தவன்தானப்பா' என்று புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அந்த வருஷப் பொங்கலுக்கு மேஸ்திரி ஊர்ப் பெரியவர்களிடம் வந்து, அந்த மேட்டில் ஓரமாக ஒரு குடிசை போட்டுக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார். "இன்னிக்கு நீ போடுவ, நாளைக்கு உன் பின்னால பத்து பேரு வருவான்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். இது எங்கள் மூவரில் கன்னியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

லீவு முடிகிற சமயம் ஒரு நாள் மத்தியானம் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. ஸ்டெல்லாவும் நானும் பாவாடையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடப் பார்த்தோம். கன்னியம்மா வீட்டுக்குள், அதாவது அந்தக் கோடுகளுக்குள், புங்க மரத்தின் அடியில் நின்றபடி, "எங்கடி ஓடறீங்க, உள்ள வாங்கடி, நனையிறீங்க" என்று கூப்பிட்டாள். நாங்கள் வாசல் வழியாக உள்ளே போனோம். மூன்று பேரும் ஜன்னலோரம் என்று நாங்கள் வைத்திருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே, 'நல்லவேளை, ஒழுகல' என்று ஸ்டெல்லா சொன்னதும் எங்களுக்கு வந்த சிரிப்பு, அந்த மாதிரிச் சிரிப்பு, அதற்குப் பிறகு எனக்கு வந்ததே இல்லை. இடி இடிக்க ஆரம்பித்ததும் பயந்துபோய் ஓடிவிட்டோம். நாள்தோறும் சாயங்காலம் சுற்றி எடுத்துக்கொண்டு போகிற நூலை அன்று கன்னியம்மா எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆடு ஓட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டு மாமா அதைப் பார்த்துவிட்டார். மழையில் சாம்பல் கரைந்துவிட்டது. ஆனால் மூலைக் கற்களும், இறுக்கிக் கட்டிய நூலும், மாவிலை கட்டிய முளைக்குச்சியும் அப்படியே இருந்தன. விளையாட்டு என்று சொல்ல வைக்கிற சாம்பல் போய்விட்டது, நிஜம் என்று சொல்ல வைக்கிறது மட்டும் நின்றுவிட்டது. காப்பி குடிக்கிற நேரத்துக்குள் பாதி ஊர் மேட்டில் கூடிவிட்டது. மூலைமட்டம் வைத்த மாதிரி அத்தனை மூலையும் சரியாக இருந்ததே எங்களுக்கு எமனாக வந்தது.

"இன்னா மேஸ்திரி, ஊரு வேணாம்னு சொன்ன எடத்துல மொளக்குச்சி அடிச்சிக்கினு கீற?" என்றார் பெரியப்பா. மேஸ்திரி வேலைக்குக் கிளம்பி வந்தவர், சைக்கிளைக்கூட நிறுத்தாமல் கையில் பிடித்தபடி நின்றார். நூல் தன்னுடையது என்று தெரிந்தது. எப்படி அங்கே வந்தது என்று தெரியவில்லை. "எனக்குத் தெரியாது நாயக்கரே, என் கையால நான் நடல" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் முன்னால் போய், நாங்கள்தான் விளையாடினோம் பெரியப்பா என்றேன். ஸ்டெல்லாவும் அழுதுகொண்டே சொன்னாள். கன்னியம்மா அழாமல் சொன்னாள். பெரியப்பா என் தலையில் கையை வைத்து, "நீ சின்னப் புள்ள, உங்கள வெச்சி வேல பண்ணியிருக்கானுங்க, உனக்குத் தெரியாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கை என் தலையில் இதமாகத்தான் இருந்தது. சிறு பெண்கள் இத்தனை சுத்தமாக மனை கோல முடியும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. "மஞ்ச பூசி, மாவெல கட்டி, வெளாட்டாம்!" என்று பின்னால் ஒரு பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு, அதைப் பிடுங்கிப் போட வேண்டும் என்றார்கள். யார் பிடுங்குவது? வீறாப்பாகப் பேசியவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மஞ்சள் பூசி நட்டதைப் பிடுங்கினால் பிடுங்கினவன் குடும்பத்துக்கு வீடு அமையாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம். நீயே பிடுங்கு என்று மேஸ்திரியிடம் சொன்னார்கள். அவர் குச்சியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "நான் நடலியே நாயக்கரே, நான் எப்பிடிப் புடுங்கறது" என்றபோது அவர் குரல் உடைந்துவிட்டது. வளர்ந்த ஆண் ஒருவர் அத்தனை பேர் முன்னால் அழுவதை நான் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன்.

கன்னியம்மா நடந்தாள். குச்சி இருந்த மூலை அவளுக்கு நாலு எட்டில்தான் இருந்தது. நேராகப் போயிருந்தால் ஒரு நொடி. அவள் அப்படிப் போகவில்லை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், எங்கள் வாசல் இருந்த இடத்தில் உள்ளே நுழைந்து, கூடத்தைக் கடந்து, ஊஞ்சல் கல்லை ஒதுங்கி, சமையல்கட்டுப் பக்கமாகப் போய் மூலையில் குனிந்தாள். கரைந்துபோன சுவர்களின் மேல் ஊர் மொத்தமும் மிதித்துக்கொண்டு நின்றது. அவள் ஒருத்தி மட்டும் எந்தச் சுவரையும் தாண்டவில்லை. அதைப் பார்த்திருந்தாலாவது அவர்களுக்குப் புரிந்திருக்கும். யாருமே பார்க்கவில்லை. இரண்டு கையாலும் குச்சியை அசைத்து அசைத்துப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, மாவிலையை அவிழ்க்காமல், வந்த வழியே திரும்பி வந்து அப்பாவின் சைக்கிளில் தொங்கிய பைக்குள் போட்டாள்.

அந்த வாரமே கொட்டாய்ச் சார்ப்பைக் காலி பண்ணச் சொன்னார் பெரியப்பா. நான் ரெண்டு வேளை சாப்பிடாமல் அடம்பிடித்தேன். அம்மா முதுகில் ரெண்டு வைத்து மூன்றாவது வேளை சாப்பிட வைத்தாள். தாம்பரம் பக்கம் பெரிய பெரிய கட்டடம் வருகிறது, அங்கே போகிறோம் என்றார்கள். மேஸ்திரியின் சைக்கிளில் ஒரு மூட்டை, கன்னியம்மாவின் அம்மா தலையில் ஒன்று, கன்னியம்மா இடுப்பில் தண்ணிக்குடம். சாலை வரைக்கும் ஸ்டெல்லாவும் நானும் கூடப் போனோம். கடிதம் போடு, லீவுக்கு வா என்று நாங்கள் உளறிக்கொண்டே இருந்தோம். பஸ் வந்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஊஞ்சல மேக்கால போட்டுடாதீங்கடி. சாயங்காலம் வெயிலு மூஞ்சில அடிக்கும்." நாங்கள் கட்டப்போகிறோம் என்றே அவள் நம்பினாள். எங்களுக்கு விளையாட்டாக இருந்தது அவளுக்கு ஒரு நாளும் விளையாட்டாக இருந்ததில்லை என்று அந்த பஸ்ஸின் தூசி அடங்குவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. தாம்பரத்தில் இல்லை, பெங்களூர் போய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அங்கேயும் இல்லை என்று இன்னொருவர் சொன்னார்.

சில வருஷங்கள் கழித்துக் கம்பெனிகள் வந்தன. மேடு போயிற்று, புங்க மரம் போயிற்று, எங்கள் கொல்லையும் பெரியப்பாவின் வீடும் கொட்டாயும் போயின. நோட்டீஸ் வந்த அன்று பெரியப்பா என்னைப் பார்த்து, "காலி பண்ணச் சொல்லிட்டாங்கமா" என்றார், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பிள்ளையைப் போல. அதில் எனக்குத் துளி சந்தோஷமும் இல்லை. படப்பையில் ஒரு வாடகைப் போர்ஷனில்தான் அவர் கடைசிக் காலம் கழிந்தது. ஒரு தடவை பார்க்கப் போயிருந்தபோது, பேச்சோடு பேச்சாக, "அந்த மேஸ்திரி பொண்ணு இப்ப எங்கம்மா கீது?" என்று கேட்டார். தெரியவில்லை பெரியப்பா என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாங்கள் அன்று கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். அவள் கட்டிலுக்கு மேலே ஃபேன் என்ன, ஏசியே ஓடுகிறது, மெத்தை அமுங்கு அமுங்கென்று அமுங்குகிறது. ஆனால் ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியும்போதும், போகச் சொல்லிவிடுவார்களோ என்று போனில் அழுகிறாள். என் வீட்டில் குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது, பால்கனியில் பிரம்பு ஊஞ்சல் இருக்கிறது, மேற்கில் இல்லை. முறுக்கு டின் காலியாவதே இல்லை. தின்னத்தான் டாக்டர் விடுவதில்லை. வாடகை வீடு. தன் மகளுக்கு வேண்டும், தைக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். கன்னியம்மா கேட்ட ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை. அவளுக்காவது கிடைத்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன், அப்படி நினைத்தால்தான் தூக்கம் வருகிறது.

போன மாதம் ஒரகடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நீளமான காம்பவுண்டுச் சுவர், கேட்டுக்கு முன்னால் கொஞ்சம் காலி இடம், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பெண் பிள்ளைகள். ஏரிக்கரை வளைவை வைத்து ஒருவாறு கணக்குப் போட்டு, வாசல் இங்கே, கூடம் அங்கே என்று தேடிப் பிடித்து, மழையன்று உட்கார்ந்த ஜன்னலோரம் வந்து நின்றேன். பட்டுப்புடவையோடு ஒரு பொம்பளை வெயிலில் தனியாக நிற்பதைப் பார்த்து, காவல் கூண்டிலிருந்து வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"யாரப் பாக்கணும் மேடம்?"

"யாரையும் இல்லீங்க. சும்மா."

"சும்மால்லாம் இங்க நிக்கக் கூடாது மேடம், கேமரா கீது. கெளம்புங்க."

கிளம்பினேன். ஆட்டோ நேர் எதிரில்தான் நின்றது. நான் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகத்தான் வெளியே வந்தேன்.